கில்ட்: மடித்துக் கட்டிய துணி தைத்த ஆடையான வரலாறு

ஸ்காட்லாந்து நாட்டு ஆண்கள் இடுப்பில் அணியும், பின்புறம் கொசுவம் வைத்த, முழங்கால் வரை நீளும் கட்டம்போட்ட ஆடை கில்ட் எனப்படும். பேக்பைப் வாசிப்பவர்களின் படங்களிலும், திருமணப் படங்களிலும், படை அணிவகுப்புகளிலும் இதைப் பலரும் பார்த்திருப்பர். பார்த்தவுடன் இரண்டு எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. ஒன்று, இது ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பது. மற்றொன்று, இது கனத்த கம்பளித் துணியில் மட்டுமே தைக்கக்கூடியது என்பது. வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே முழு உண்மை அல்ல.

கில்ட் ஒரு காலத்தில் தைக்கப்படாத துணியாக இருந்தது. பிறகு உழைப்புக்கு ஏற்றவாறு சுருங்கியது. பிறகு சட்டத்தால் தடை செய்யப்பட்டது. படையால் காப்பாற்றப்பட்டு, அரச விழாவால் நாட்டின் சின்னமாகி, தையற்கலைஞரின் கையில் இன்றைய வடிவம் பெற்றது. இன்று மெல்லிய துணியில் வீட்டிலேயே கில்ட் தைத்து அணிவோர் உள்ளனர். அவர்கள் மரபைக் கெடுக்கிறார்களா, தொடர்கிறார்களா என்பது அடிக்கடி எழும் கேள்வி. அந்த வரலாற்றையும், மெல்லிய துணியில் கில்ட் தைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

ஸ்காட்டிஷ் வழக்கில் ‘கில்ட்’ என்பது முதலில் ஒரு வினைச்சொல். ஆடையை உடலைச் சுற்றிச் செருகிக்கொள்ளுதல், தூக்கிக் கட்டுதல் என்பது அதன் பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்த சொல் இது. டேனிஷ் மொழியிலும் இதே பொருளில் இச்சொல் உண்டு. வயலில் இறங்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, ஏறத்தாழ அந்தச் செயலுக்கான சொல்தான் பின்னர் ஆடையின் பெயராயிற்று.

மலைநாட்டு மக்கள் பேசிய கேலிக் மொழியில் இந்த ஆடைக்கு ‘ஃபேலா’ என்று பெயர். பெரியது ‘ஃபேலா மோர்’, சிறியது ‘ஃபேலா பெக்’. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் கில்ட்டின் வரலாறு எளிதில் விளங்கும்.

டார்டன் துணி

கில்ட்டுக்குரிய கட்டம்போட்ட துணி டார்டன். பாவில் எந்த நிறங்கள் எந்த வரிசையில், எத்தனை இழைகளாக வருகின்றனவோ, அதே வரிசையில் ஊடிலும் வரும். இந்த வரிசை ஒருமுறை முழுமையாக வந்து முடியும் பகுதிக்கு ‘செட்’ என்று பெயர். நெசவு பெரும்பாலும் ட்வில் வகை. ஊடிழை இரண்டு பாவிழைகளுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் சென்று, ஒவ்வொரு வரியிலும் ஓரிழை தள்ளிச் செல்லும். அதனால் துணியில் சாய்வான வரிகள் தெரியும்.

மாணவர்கள் ரசிக்கத்தக்க ஒரு கணக்கு இதில் உண்டு. ஒரே நிறப் பாவும் ஊடும் சந்திக்கும் இடத்தில் அந்த நிறம் முழுமையாகத் தெரியும். வெவ்வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கலவை நிறம் தெரியும். எனவே 2 நிற நூல்களால் 3 சாயல்கள் கிடைக்கும். 4 நிறங்களால் 10, 6 நிறங்களால் 21 சாயல்கள் கிடைக்கும். சாயத்தொட்டியில் இல்லாத நிறங்களைத் தறியே உண்டாக்குகிறது.

கட்டம் போட்ட துணி ஸ்காட்லாந்தில் மிகப் பழையது. ஃபால்கிர்க் நகருக்கு அருகே ரோமானிய நாணயங்கள் நிறைந்த ஒரு பானையுடன் கிடைத்த துணித்துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயமேற்றாத இரு நிறக் கம்பளி நூல்களால் நெய்த எளிய கட்டத்துணி அது. பல நிறம் கொண்ட டார்டன் துண்டு ஒன்று கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்தது. ஆய்வுகளின்படி அது 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் துணி பழையது என்பதால் ஆடையும் அவ்வளவு பழையது என்று கொள்ளக்கூடாது. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய கில்ட்

கில்ட் என்று அடையாளம் காணத்தக்க ஆடையைப் பற்றிய முதல் தெளிவான குறிப்பு 1594ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை விவரிக்கும் அயர்லாந்து நூலில் வருகிறது. ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்து கூலிப்படையினராக அயர்லாந்துக்கு வந்தவர்கள் பல நிறம் கொண்ட போர்வையை அணிந்து, அதன்மேல் இடுப்புவார் கட்டியிருந்தனர் என்றும், அதைக்கொண்டே அவர்களை அயர்லாந்து வீரர்களிடமிருந்து பிரித்தறிய முடிந்தது என்றும் அது கூறுகிறது. ஆக, கில்ட்டின் வயது ஆயிரம் ஆண்டு அன்று. சுமார் 400 ஆண்டு என்பதே பொருந்தும்.

அந்த ஆடைதான் ஃபேலா மோர், அதாவது பெரிய கில்ட். அக்காலத் தறிகள் அகலம் குறைந்தவை. எனவே இரண்டு நீளத்துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் அகலமும் 4 முதல் 5 மீட்டர் நீளமும் உடைய ஒரு பெரும் போர்வையை உண்டாக்கினர். அந்த இணைப்பைத் தவிர அதில் வேறு தையல் இல்லை. அணிபவர் துணியைக் கொசுவமாகச் சேர்த்து, இடுப்பில் வாரால் இறுக்கிக் கட்டினார். வாருக்குக் கீழே வந்த பகுதி முழங்கால் வரை தொங்கியது. மேலே எஞ்சிய பகுதியைத் தோளில் ஊசி கொண்டு குத்திக்கொள்ளலாம். மழை வந்தால் தலைக்கு மேல் போர்த்தலாம், பொருள்களை முடிந்துவைக்கலாம். இரவில் வாரை அவிழ்த்தால் அதுவே படுக்கையும் போர்வையும் ஆயிற்று.

மழையும் சேறும் நிறைந்த மலைச்சரிவில் மாடு மேய்ப்பவருக்கு இதைவிட உகந்த ஆடை இருந்திருக்க முடியாது. கால்சட்டை நனைந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும், காய நேரமாகும். வெறுங்காலோ ஓடையைக் கடந்த சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். கம்பளியோ நனைந்தாலும் உடற்சூட்டை ஓரளவு காக்கும்.

இது ஹைலேண்ட்ஸ் எனப்படும் வடமேற்கு மலைநாட்டின் ஆடை மட்டுமே. தென்பகுதியான சமவெளி ஸ்காட்லாந்து மக்கள் இதை அணியவில்லை. அவர்களில் பலர் மலைநாட்டாரை முரடர்களாகவும் கால்நடைத் திருடர்களாகவும் எண்ணினர். அவர்களுடைய ஆடையையும் அப்படியே இழிவாகப் பார்த்தனர்.

சிறிய கில்ட்டும் ராலின்சன் சர்ச்சையும்

பெரிய கில்ட்டின் மேற்பகுதியை நீக்கிவிட்டு, இடுப்புக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் அணிந்தால் கிடைப்பது ஃபேலா பெக். இணைத்துத் தைத்த இரண்டு அகலத்துக்குப் பதில் ஒற்றை அகலத் துணியே இதற்குப் போதும். இன்றைய கில்ட்டின் நேரடி முன்னோடி இதுவே.

இதைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆங்கிலேயர் என்று ஒரு செய்தி உண்டு. லங்காஷயரைச் சேர்ந்த இரும்பு ஆலை உரிமையாளர் தாமஸ் ராலின்சன், 1720களின் இறுதியில் கிளென்கேரி தலைவரிடமிருந்து காட்டைக் குத்தகைக்கு எடுத்து இன்வர்கேரியில் உலை அமைத்தார். மரம் வெட்டவும் உலையில் வேலை செய்யவும் பெரிய கில்ட் தொழிலாளருக்கு இடையூறாக இருந்தது. அதன் கீழ்ப்பகுதியை மட்டும் தனியே பிரித்து அவர் அணிவித்தார் என்பது செய்தி. ஐவன் பெய்லி என்பவர் 1768இல் எழுதி, 1785இல் எடின்பரோ இதழ் ஒன்றில் வெளியான கடிதமே இதற்கு ஆதாரம்.

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையில் இச்செய்தியை முன்வைத்து, மலைநாட்டு மரபு என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி பிற்காலத்தில் புனையப்பட்டது என்று வாதிட்டார். ஸ்காட்லாந்தில் இது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ராலின்சனுக்கு முன்பே சிலர் சிறிய கில்ட் அணிந்திருந்தனர் என்று வேறு ஆய்வாளர்கள் பதிலளித்தனர்.

இந்த விவாதத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ராலின்சன் கதை உண்மையாகவே இருந்தாலும், அவர் செய்தது ஏற்கெனவே இருந்த ஆடையைப் பாதியாக்கியதே தவிர, புதிய ஆடை ஒன்றைப் படைத்ததன்று. இரண்டாவது, 1746ஆம் ஆண்டின் தடைச் சட்டம் ‘ஃபிலபெக் அல்லது சிறிய கில்ட்’ என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. யாரும் அணியாத ஆடையைச் சட்டம் தடுக்காது. ஆகவே அந்த ஆண்டுக்குள் சிறிய கில்ட் மலைநாட்டில் நன்கு பரவியிருந்தது என்பது உறுதி. உழைப்பவருக்கு வசதியாக இருந்ததே அது பரவியதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஆடைக்கு வந்த தடை

1745இல் ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் சார்ல்ஸ் எட்வர்ட், பிரிட்டிஷ் அரியணையைக் கைப்பற்றும் நோக்குடன் ஸ்காட்லாந்தில் இறங்கினார். மலைநாட்டுக் குலங்கள் பல அவரோடு சேர்ந்தன. 1746 ஏப்ரல் 16 அன்று குலோடன் போர்க்களத்தில் அக்கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டுச் சமூக அமைப்பையே உடைக்க அரசு முற்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய ஆயுதப் பறிப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஆடைத் தடையும் வந்தது.

ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் பிளெய்ட் போர்வை, சிறிய கில்ட், டார்டன் கால்சட்டை முதலிய மலைநாட்டு ஆடைகளை அணியக்கூடாது என்று சட்டம் கூறியது. முதல்முறை மீறினால் 6 மாதச் சிறை. இரண்டாம் முறை மீறினால் கடல் கடந்த தோட்டக் குடியேற்றங்களுக்கு 7 ஆண்டு நாடுகடத்தல். ஓர் இடுப்புத் துணிக்கு இவ்வளவு கடுமையான தண்டனை! பெண்களின் ஆடைக்குத் தடை இல்லை. அரசரின் படையில் பணிபுரிவோருக்கும் விலக்கு இருந்தது.

சட்டம் இருந்தால் அதில் சந்து தேடுவோரும் இருப்பர். கில்ட் அணிந்ததற்காகப் பிடிபட்ட ஒருவர், தம் கில்ட்டின் நடுவே கீழ்ப்புறம் சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதைக் காட்டி 1757இல் விடுதலை பெற்றார் என்று டேவிட் ஸ்டூவர்ட் என்னும் படை அதிகாரி 1822இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். நடுவே தைத்தால் அது கால்சட்டை வகையாகிவிடுகிறது. வீட்டில் போட்ட ஒரு வரித் தையல் ஒரு மனிதரைச் சிறையிலிருந்து காத்தது.

படைக்கு அளித்த விலக்கு ஒரு விந்தையான நிலையை உண்டாக்கியது. சொந்த ஊரில் தந்தையின் ஆடையை அணிந்தால் குற்றம். அதே ஆடையை அரசரின் படைவீரனாக அணிந்தால் பெருமை. 1739இல் முழுப் படைப்பிரிவாக்கப்பட்ட ‘பிளாக் வாட்ச்’ முதலிய மலைநாட்டுப் படைகளில் இளைஞர்கள் சேர இதுவும் ஒரு காரணமாயிற்று.

இந்த இடத்தில் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1745 கிளர்ச்சியில் பங்கேற்றுப் பின்னர் மன்னிப்புப் பெற்ற ஜான் மெக்கென்சி, அதாவது மெக்லியோட் பிரபு, மலைநாட்டில் ஆள் திரட்டி 73ஆம் படைப்பிரிவை உருவாக்கினார். அது 1780இன் தொடக்கத்தில் சென்னை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை, கர்னல் பெய்லியின் தலைமையிலான கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து வீழ்த்தியது. மெக்லியோட் படைப்பிரிவின் இரண்டு கம்பெனிகள் அதில் அழிந்தன. உயிர் பிழைத்த டேவிட் பேர்ட் முதலியோர் சீரங்கப்பட்டணத்தில் பல ஆண்டுகள் சிறையிருந்தனர். அந்த வீரர்கள் புள்ளலூர் மண்ணில் விழுந்த நாளிலும், அவர்களுடைய ஊரில் கில்ட் அணிவது சட்டப்படி குற்றமாகவே இருந்தது. தடை நீங்கியது 1782 ஜூலை 1 அன்றுதான்.

36 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். தடை நீங்கியபோது மலைநாட்டு ஏழைகளில் பெரும்பாலோர் கால்சட்டைக்கு மாறிவிட்டிருந்தனர். கில்ட் மீண்டும் அவர்களுடைய அன்றாட உடையாகவில்லை.

தையற்கலைஞர் கைக்கு வந்த ஆடை

தினமும் கொசுவம் பிடித்துக் கட்டுவதற்குப் பதில், கொசுவங்களை நிலையாகத் தைத்துவிடும் முறை 1790களில் உறுதிப்பட்டது. அக்காலத்திலிருந்து எஞ்சியுள்ள படைக் கில்ட்டுகள் இதைக் காட்டுகின்றன. அவை ஏறத்தாழ 4 கெஜம் துணியில் அகன்ற பாக்ஸ் பிளீட் வைத்துத் தைக்கப்பட்டவை. இன்று மரபு என்று சொல்லப்படும் 8 கெஜம் அன்று இல்லை.

படையிலும் கில்ட்டுக்கு நிலையான இடம் இருக்கவில்லை. 1809இல் ஆறு படைப்பிரிவுகளிடமிருந்து கில்ட் பறிக்கப்பட்டது. மலைநாட்டில் போதிய ஆட்கள் கிடைக்காமல் பிற பகுதிகளிலிருந்து ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் இந்த ஆடையை விரும்பவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

பெரும் திருப்பம் 1822இல் வந்தது. நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகை தந்தார். வரவேற்பு ஏற்பாடுகளை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கவனித்தார். விருந்தினர் அனைவரும் மலைநாட்டு ஆடையில் வரவேண்டும் என்னும் சூழலை அவர் உண்டாக்கினார். மன்னரே டார்டன் கில்ட் அணிந்தார். அவருடைய மலைநாட்டு உடைக்கும் அணிகளுக்கும் ஆன செலவு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். முன்பு இழிவாகப் பார்த்த சமவெளிச் செல்வர்களும் டார்டன் வாங்க ஓடினர். பன்னக்பர்னில் இருந்த வில்சன் நெசவு நிறுவனம் 1819லேயே 200க்கும் மேற்பட்ட டார்டன் வகைகளைத் தன் மாதிரிப் புத்தகத்தில் பதிந்து வைத்திருந்தது. அவற்றில் பல முதலில் எண்களால் மட்டும் அறியப்பட்டு, பிறகு குலப்பெயர் பெற்றவை. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன் என்னும் கருத்து இக்காலத்தில்தான் வேரூன்றியது. 1842இல் வெளியான ‘வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்’ என்னும் நூல் பழைய சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லிப் பல குல டார்டன்களைக் காட்டியது. அது போலி என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் அதிலுள்ள டார்டன்கள் இன்றும் அணியப்படுகின்றன.

இந்த விழாக்களின் மறுபக்கத்தையும் மாணவர்கள் அறிய வேண்டும். எடின்பரோவில் செல்வர்கள் மலைநாட்டு வேடம் பூண்ட அதே காலத்தில், மலைநாட்டில் ஆட்டுப்பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். சதர்லாந்தில் 1810களில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். ஆடை உயர்ந்த வேளையில் அதை உருவாக்கிய மக்கள் கடல் கடந்து போயினர்.

விக்டோரியா அரசியின் காலத்தில் கில்ட் மேலும் செல்வாக்குப் பெற்றது. துணியின் நீளம் கூடிக்கொண்டே போயிற்று. 1850களில் படையில் ஒரே பக்கம் சாயும் நைஃப் பிளீட் வந்தது. பின்னர் அதுவே பொதுவழக்காகி, 8 கெஜம் அளவு நிலைத்தது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் வீரர்கள் கில்ட்டுக்கு மேல் காக்கி நிற மறைப்புத் துணி கட்டிப் போரிட்டனர். கொசுவங்களில் பேன் குடியேறியது. சேறு படிந்து உறைந்த ஓரம் காலை அறுத்தது. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் போர்க்கள உடை என்ற நிலை முடிந்து, அணிவகுப்பு உடையாக மட்டும் நின்றது.

துணியின் எடையும் அதன் பொருளும்

கில்ட் துணியின் எடையை ஒரு கெஜத்துக்கு இத்தனை அவுன்சு என்று சொல்வது வணிக வழக்கு. இங்கே கெஜம் என்பது சுமார் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள இரட்டை அகலத் துணியின் கெஜம். 16 அவுன்சு கனத்த துணி, 13 அவுன்சு நடுத்தரம், 10 அல்லது 11 அவுன்சு மெல்லியது.

8 கெஜம் என்பது ஒற்றை அகலக் கணக்கு. 4 கெஜம் இரட்டை அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாக்கி இணைத்தால் 8 கெஜம் கிடைக்கும். 16 அவுன்சுத் துணியில் 4 கெஜம் 64 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ. 10 அவுன்சுத் துணியில் அதில் பாதி நீளத்தில் தைத்தால் சுமார் 600 கிராம்தான். வெயில் நாட்டில் அணியவும், நடைப்பயணம் செல்லவும், வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கவும் இரண்டாவதே ஏற்றது. விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு.

மெல்லிய துணியில் வீட்டில் தைக்கும் முறை

தேர்ந்த கில்ட் தையற்கலைஞர்கள் முழுவதையும் கையாலேயே தைப்பர். வீட்டில் தையல் இயந்திரம் போதும். கம்பளி கிடைக்காத இடத்தில் ட்வில் நெசவுப் பருத்தி, பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்புத் துணி, கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். சென்னைக் கட்டம் என்று உலகறிந்த மெல்லிய பருத்தியும் இதற்கு உதவும். பருத்தியாக இருந்தால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துவது அவசியம். இல்லையேல் தைத்தபின் சுருங்கும்.

அளவு. மூன்று அளவுகள் வேண்டும்: தொப்புள் உயரத்தில் இடுப்பு, சீட் எனப்படும் பின்புறத்தின் அகன்ற பகுதி, இடுப்பிலிருந்து முழங்காலின் நடுவரை உயரம். எடுத்துக்காட்டாக இடுப்பு 88 செ.மீ., சீட் 100 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று கொள்வோம்.

கணக்கு. கில்ட்டின் முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டையான மடல்கள் உண்டு. பின்புறம் கொசுவம். சீட் அளவில் பாதியான 50 செ.மீ. மடலுக்கு, மறுபாதியான 50 செ.மீ. கொசுவத்துக்கு. ஒவ்வொரு கொசுவமும் வெளியே 2.5 செ.மீ. தெரிந்தால் 20 கொசுவங்கள் வரும். மடிப்பின் ஆழம் 5 செ.மீ. என்றால், உள்ளே சென்று திரும்ப 10 செ.மீ. தேவை. ஆகவே ஒரு கொசுவத்துக்கு 12.5 செ.மீ., 20 கொசுவத்துக்கு 250 செ.மீ. இரண்டு மடல்களுக்கு 100 செ.மீ. ஓர மடிப்பு, மடலுக்கும் கொசுவத்துக்கும் இடையிலான ஆழமடிப்பு, இணைப்புத் தையல் ஆகியவற்றுக்கு 50 செ.மீ. மொத்தம் 4 மீட்டர். 150 செ.மீ. அகலத் துணியில் 2 மீட்டர் வாங்கி நீளவாக்கில் இரண்டாக்கினால் 75 செ.மீ. அகலத்தில் இரு துண்டுகள் கிடைக்கும். இணைப்பு கொசுவத்துக்குள் மறையுமாறு வைக்க வேண்டும்.

கட்டம் பொருத்துதல். துணியின் செட் 12.5 செ.மீ. ஆக இருந்தால், மேற்கண்ட கணக்கில் ஒவ்வொரு கொசுவத்திலும் ஒரே கோடு தெரியும். படைப்பிரிவுகளில் பெரிதும் காணப்படும் முறை இது. மாறாக, பின்புறமும் முன்புறம் போலவே முழுக்கட்டமாகத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கொசுவத்திலும் அடுத்த 2.5 செ.மீ. பகுதி வரவேண்டும். அதற்கு ஒரு கொசுவத்துக்கு 15 செ.மீ. செலவாகும். 20 கொசுவத்துக்கு 300 செ.மீ., மொத்தம் நான்கரை மீட்டர். துணி வாங்குமுன்பே செட்டை அளந்துவிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கீழ் ஓரம். கனத்த கம்பளியில் தறியின் கரையே கீழ் ஓரமாக வரும், மடித்துத் தைப்பதில்லை. மெல்லிய துணியில் 5 அல்லது 6 செ.மீ. அகலத்துக்கு மடித்துத் தைப்பது நல்லது. இரட்டித்த துணி சற்றுக் கனம் தந்து காற்றில் பறக்காமல் காக்கும். கொசுவம் வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

கொசுவம் தைத்தல். சாக்குக்கட்டியால் அடையாளமிட்டுக் கொசுவங்களை மடித்து, குண்டூசி குத்தி, மேலிருந்து கீழ்வரை தற்காலிக ஓட்டுத்தையல் போட வேண்டும். இடுப்பு சீட்டைவிடச் சிறியது அல்லவா? கொசுவப் பகுதி இடுப்பில் 44 செ.மீ. ஆக வேண்டும். 20 கொசுவம் என்பதால் ஒவ்வொன்றும் இடுப்பில் 2.2 செ.மீ. ஆகக் குறைய வேண்டும். வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் சரியாக வரவில்லை என்றால் 20 மடங்காகப் பெருகி, கில்ட் இடுப்பில் நில்லாது. இடுப்பிலிருந்து சீட் வரை மடிப்பின் விளிம்பை ஒட்டித் தைக்க வேண்டும். அதற்குக் கீழே கொசுவம் தானே விழும்.

உள்தாங்கல். கொசுவங்களின் உட்புறம் இடுப்புப் பகுதியில் கேன்வாஸ் வைத்துத் தைக்க வேண்டும். மெல்லிய துணி தனியே இழுவிசையைத் தாங்காது. பக்கிளும் வாரும் இழுக்கும் சுமையை கேன்வாஸே ஏற்கும். அதன்மேல் பருத்தி உள்துணி, மேலே பட்டி.

மூடுதல். மேல்மடலின் திறப்பு ஆண்களுக்கு வலப்புறம் வரும். உள்மடலின் வார், இடப்புறம் விட்ட சிறு திறப்பின் வழியே வெளியே வந்து பக்கிளில் மாட்டும். வலப்புறம் மேலும் ஒன்று அல்லது இரண்டு பக்கிள்கள். மேல்மடலின் வலது ஓரத்தில் நூலைப் பிரித்துக் குஞ்சம் விடுவது வழக்கம். கில்ட் ஊசி மேல்மடலில் மட்டும் குத்தப்படும். இரு மடலையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

இஸ்திரி. ஓட்டுத்தையலைப் பிரிக்காமலேயே ஈரத்துணி வைத்து அழுத்தி இஸ்திரி போட்டு, முழுவதும் ஆறவிட்ட பின்னரே பிரிக்க வேண்டும். பருத்தி மடிப்பை நெடுநேரம் தாங்காது. அதனால் ஒவ்வொரு கொசுவத்தின் உள்விளிம்பிலும் கீழ்வரை ஒரு மெல்லிய இயந்திரத் தையல் போட்டுவிட்டால், துவைத்த பின்னும் மடிப்பு அதே இடத்தில் விழும்.

எது உண்மையான கில்ட்?

மெல்லிய பருத்தியில், 4 மீட்டரில், வீட்டு இயந்திரத்தில் தைத்தது கில்ட் ஆகாது என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் 8 கெஜமும் நைஃப் பிளீட்டும் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. குல டார்டன் வழக்கமும் பெரும்பாலும் அந்நூற்றாண்டினதே. அதற்கு முந்தைய கில்ட்டில் துணி குறைவு, தையல் இன்னும் குறைவு. அணிந்தவர்கள் மேய்ப்பர்களும் மரம் வெட்டுவோரும். தங்கள் ஊரில், தங்கள் தறியில் கிடைத்த துணியையே அவர்கள் உடுத்தினர்.

அதே சமயம், கையால் கில்ட் தைக்கும் தேர்ந்த கலையை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. பிரிட்டனில் அழியும் நிலையிலுள்ள கைத்தொழில்களின் பட்டியலில் 2021இல் கில்ட் தையலும் சேர்க்கப்பட்டது. மலிவான இறக்குமதி ஆடைகளும், கற்றுக்கொள்ள வரும் இளைஞர் குறைவதும் அக்கலையை நெருக்குகின்றன. வீட்டில் ஒருமுறையாவது 20 கொசுவங்களை 3 மில்லிமீட்டர் பிசகாமல் குறைத்துத் தைத்துப் பார்த்தவருக்கு, கைத்தையல் கலைஞர் கேட்கும் கூலி ஏன் நியாயமானது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசு தடுத்தபோது கில்ட் ஒழியவில்லை. மன்னர் அணிந்தபோது மாறாமலும் இருக்கவில்லை. 1746ஆம் ஆண்டின் சட்டப்படி அதை அணிந்தவருக்குச் சிறை காத்திருந்தது. இன்று ஸ்காட்லாந்து அரசே 2009 முதல் டார்டன்களுக்கு அதிகாரபூர்வப் பதிவேடு வைத்திருக்கிறது, புதிய டார்டன் வடிவமைப்போர் யாரும் அதில் பதிய விண்ணப்பிக்கலாம். கில்ட்டைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் அதன் நிறத்தோடும் கொசுவத்தோடும் நின்றுவிடாமல், அதை அணிந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களையும், நிலமிழந்து வெளியேறியவர்களையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.